எண்ணெய் போடக் கூடாத இடம்

சகோதரிகளே, நான் செய்த ஒரு முட்டாள்தனம்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. அது என்ன என்று பின்னால் சொல்கிறேன். முதலில் கொஞ்சம் ஊர்க்கதை.

நாங்கள் குடியிருப்பது தண்டலத்தில். பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் பெரிய சாலையில் இருக்கிற ஊர். கொஞ்சம் தள்ளி இருங்காட்டுக்கோட்டையில் 1998-லிருந்து கார் தயாராகிறது. அந்தப் பக்கம் ஒரகடத்தில் கார், லாரி, மோட்டார் சைக்கிள் என்று எல்லாமே செய்கிறார்கள். புத்தம் புதுக் கார்களை அடுக்கிக் கொண்டு போகும் நீள வண்டிகளை, பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் என் பெண் எண்ணிக் கொண்டிருப்பாள். இப்படிப்பட்ட ஊரில் இருந்து கொண்டு இவள் சைக்கிளைப் பற்றி எழுதுகிறாளே என்று உங்களுக்குத் தோன்றலாம். என் மாமியாருக்கும் அப்படித்தான் தோன்றியது!

என் மகன் பத்தாவது படிக்கும்போது அடம் பிடித்து வாங்கிய கியர் சைக்கிள் அது. பருத்த டயர், முன்னால் ஸ்பிரிங் வைத்த ஃபோர்க், சக்கரத்தில் தட்டு மாதிரி டிஸ்க் பிரேக். 'மவுண்டன் பைக்' என்பார்கள். கோயமுத்தூர் கல்லூரி ஹாஸ்டலுக்கு அவன் போன பிறகு, மாடிப்படிக்குக் கீழே காலி கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் ஒரு வருஷம் தூசி படிந்து கிடந்தது. அந்த வருஷம்தான் எனக்கு ரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னார். "நடங்க, இல்லாட்டி சைக்கிள் விடுங்க. எதையாவது தினமும் செய்யுங்க" என்றார். நடந்து பார்த்தேன். பத்தே நாளில் முழங்கால் வலி. ஒரு நாள் சிலிண்டரை நகர்த்தும்போது சைக்கிள் என் மேல் சாய்ந்தது. சரி, இதுதான் நமக்கு என்று நினைத்துக் கொண்டேன்.

ஆனால் எனக்கு சைக்கிள் விடத் தெரியாதே! வயது 39. சின்ன வயதில் அண்ணன் குரங்கு பெடல் போட்டு ஓட்டுவதை வேடிக்கை பார்த்ததோடு சரி. "விழுந்து எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு நடந்தே போயிடலாம்" என்றார் என் கணவர். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. பார்த்த பார்வையே போதும். அவரைக் குறை சொல்ல மாட்டேன். 1890-களில் இங்கிலாந்தில் பெண்கள் சைக்கிள் ஏறியபோது, அப்படிச் செய்தால் பெண்களுக்கு 'சைக்கிள் முகம்' வந்து விடும், கண் பிதுங்கி அழகு கெட்டு விடும் என்று டாக்டர்களே பயமுறுத்தினார்களாம். படித்தவர்களே அப்படியென்றால் என் மாமியார் எம்மாத்திரம்?

எனக்குக் கற்றுக் கொடுத்தவர் எதிர் வீட்டு அக்கா. வயது அறுபதுக்குப் பக்கம். மகனுக்கு இங்கே கம்பெனியில் வேலை கிடைத்ததால் புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவர். "ஏத்தா, நானே கண்டாங்கிச் சீலையோட ஓட்டியிருக்கேன். ஒனக்கென்ன?" என்று கேட்டார்.

அப்போதுதான் அந்தக் கதையை முழுதாகக் கேட்டேன். புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-ல் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்ததோடு நிற்காமல் பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக் கொடுத்தார்கள். அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். அவர்தான் அதை இயக்கத்தின் ஒரு பாகமாகவே ஆக்கியவர்; பெண்கள் சைக்கிள் வாங்க பாங்கு கடன் கிடைக்கவும் முயற்சி எடுத்தார். வயலில் கூலி வேலை செய்பவர்கள், கல் குவாரிப் பெண்கள், பாலவாடி ஆயாக்கள், கிராம நர்ஸுகள் என்று கற்றுக் கொண்டவர்கள் ஒரு லட்சத்துக்கு மேல் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடாகிப் போனதால் பலர் ஆம்பளை சைக்கிளையே வாங்கினார்களாம். சிலருக்கு அதுவே பிடித்தும் போயிற்று. நடு பாரில் குழந்தையை உட்கார வைக்கலாமே! "பஸ்ஸுக்குக் காத்துக் கெடந்தது போச்சு, தண்ணிக்கு இடுப்புல கொடம் சொமந்தது போச்சு. கேரியர்ல கொடத்தைக் கட்டிக்கிட்டுப் பறந்துருவோம்" என்றார் அக்கா. அந்த முகத்தைப் பார்த்த பிறகு என் கூச்சம் பாதி போய் விட்டது.

அக்கா சொன்ன முதல் பாடம், சீட்டை இறக்கு என்பதுதான். சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். பெடலை மறந்து விட்டு, காலால் தரையை உந்தி உந்தி நகர வேண்டும். மூன்று நாள் இது மட்டும்தான். பின்னால் யாரும் பிடித்துக் கொண்டு ஓடி வரவில்லை. நாலாம் நாள் இரண்டு காலையும் தூக்கிக் கொண்டு பத்தடி தூரம் போனபோது நிலை பிடிபட்டு விட்டது. பிறகுதான் பெடல். முன்பக்கம் மேலே இருக்கிற பெடலில் ஒரு காலை வைத்து, அழுத்தி எழும்ப வேண்டும். கண் முன் சக்கரத்தைப் பார்த்தால் போச்சு. இருபதடி தள்ளிப் பார்க்க வேண்டும். பள்ளத்தையே முறைத்துக் கொண்டு போனால் சைக்கிள் பள்ளத்துக்கே போகும். எப்படியோ தெரியாது, போய் விடும்!

ஓட்டப் பழகிய பிறகு சீட்டை உயர்த்தி விட வேண்டும். இதைப் பலர் செய்வதில்லை. பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் முழங்கால் நேராக நீள வேண்டும். அதுதான் சரியான உயரம். தாழ்ந்த சீட்டில் மணிக்கணக்காக மிதித்தால் முழங்கால் வலி வரும், பழி சைக்கிள் மேல் விழும்.

கியர் என்றதும் பயப்படாதீர்கள். இடது கையில் 1 முதல் 3, வலது கையில் 1 முதல் 7. இரண்டு பக்கமும் 1 என்றால் லேசு, எண் ஏற ஏறப் பலம். இடது கையை 2-ல் வைத்து விட்டு ஒரு மாதம் வலது கையோடு மட்டும் பழகுங்கள். மிதித்துக் கொண்டே, ஆனால் அழுத்தாமல், மாற்ற வேண்டும். மேட்டின் நடுவில் மூச்சிரைக்கும்போது மாற்றினால் செயின் 'கடக்'கென்று கத்தும், சமயத்தில் கழன்றே விடும். மேடு வருவதற்கு முன்பே மாற்றி விட வேண்டும். குழம்பு கொதித்துப் பொங்கிய பிறகா அடுப்பைக் குறைக்கிறோம்?

இப்போது என் முட்டாள்தனத்துக்கு வருகிறேன்.

இரண்டு மாதத்தில் தெரு, கோயில், ரேஷன் கடை என்று சுற்றப் பழகி விட்டேன். என் பெண்ணும் தன் குட்டி சைக்கிளில் கூடவே வருவாள். ஏரிக்கரை மேல் காலை ஆறு மணிக்குப் போனால் கொக்கும் நாரையுமாக அவ்வளவு அழகாக இருக்கும். அந்த நாளில் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் 'கிறீச்' என்று சத்தம் வர ஆரம்பித்தது. தெருவே திரும்பிப் பார்த்தது. கதவுக் கீல் கத்தினால் என்ன செய்வோம்? தையல் மெஷின் எண்ணெயை எடுத்து இரண்டு டிஸ்க்கிலும் விட்டு, துணியால் பளபளவென்று தேய்த்தும் வைத்தேன். சத்தம் நின்று விட்டது. எனக்கு ஒரே பெருமை!

மறுநாள் தெருவில் மெதுவாகப் போனதால் ஒன்றும் தெரியவில்லை. ஏரிக்கரையிலிருந்து இறங்கும் சரிவில் என் பெண் முன்னால் இறங்கி, கீழே நின்று கொண்டு, "அம்மா, வா!" என்று கையாட்டினாள். நான் இறங்கினேன். பிரேக்கைப் பிடித்தேன். கை முழுக்க அழுத்தினேன். பிடிக்கவே இல்லை. சைக்கிள் வேகமெடுத்து நேராக அவளை நோக்கிப் போகிறது. கத்தக் கூடத் தோன்றவில்லை. ஹேண்டில் பாரை இடது பக்கம் ஒடித்தேன். சீமைக் கருவேல முள்ளில் போய் விழுந்தேன். முழங்கை தோலுரிந்து, கையெல்லாம் முள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவள் அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது.

"போதும். வித்துடலாம்" என்றார் கணவர். நானும் சரியென்றுதான் சொன்னேன். இரண்டு வாரம் சைக்கிள் மறுபடி மாடிப்படிக்குக் கீழே. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அதன் பக்கம் போனாலே கை நடுங்கும். அக்காதான் வந்து, "வெரலு அறுபட்டதுக்காக அருவாமணைய வித்துப்புட்டியா? பிரேக்கு ஏன் பிடிக்கலைன்னு பாத்தியா?" என்று கேட்டு, என்னையும் சைக்கிளையும் பஞ்சர் கடைக்கு இழுத்துக் கொண்டு போனார்.

கடைப் பெரியவர் விரலால் டிஸ்க்கைத் தடவிப் பார்த்து விட்டுச் சிரித்தார். "என்னம்மா, டிஸ்க்கைத் தாளிச்சு வச்சிருக்கீங்க?"

பிரேக் என்பது உரசல்தான். சக்கரத்தோடு சுற்றும் தட்டை இரண்டு பக்கமும் இரண்டு சின்னக் கட்டைகள் கவ்விப் பிடிக்கின்றன. அங்கே வழவழப்புப் போனால் பிடிப்பு போயிற்று. அந்தக் கட்டைகள் வடை எண்ணெய் குடிப்பது போலக் குடித்து விடும். மேலே துடைத்தால் போகாது. லேசாகப் பட்டிருந்தால் கட்டையைக் கழற்றி உப்புத்தாளில் தேய்க்கலாம். ஊறிப் போயிருந்தால் மாற்றத்தான் வேண்டும். என்னுடையதை மாற்றினார். தட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட சுத்தமான துணியால் துடைத்தார். மருந்துக் கடையில் கேட்டுப் பாருங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் ஸானிடைசரை எடுத்து விடாதீர்கள், பலவற்றில் கிளிசரின் இருக்கிறது. புதுக் கட்டை போட்டதும் உடனே சரிவில் இறங்கக் கூடாது. சமதரையில் கொஞ்சம் வேகமெடுத்து, பிரேக் பிடித்து, மறுபடி வேகமெடுத்து, ஓர் இருபது தடவை பழக்கிய பிறகுதான் முழுப் பிடிப்பு வரும். டிஸ்க்கை வெறும் விரலால் தொடவும் கூடாது. விரலில் எண்ணெய்ப் பசை இருக்கும். தவிர, இறக்கத்தில் வந்த பிறகு தொட்டால் சுட்டு விடும்.

அப்படியானால் அந்தக் 'கிறீச்'? தூசி, அல்லது காலைப் பனி ஈரம். நாலு தடவை பிரேக் பிடித்தால் தானே போய் விடும். போகவில்லையென்றால் கட்டை தட்டுக்கு நேராக இல்லை என்று அர்த்தம். கடையில் இரண்டு நிமிஷ வேலை.

இந்த வகை சைக்கிளின் பிறப்பிலேயே ஒரு பிரேக் கதை இருக்கிறது. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் மாரின் கவுண்டியில் 1970-களில் சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களில் மலைப்பாதையில் இறங்கி விளையாடினார்கள். 1976-ல் பந்தயமே வைத்தார்கள். அந்தக் காலத்து பிரேக், பெடலைப் பின்னால் மிதித்தால் சக்கரத்தின் நடுவில் பிடிப்பது. ஒரே இறக்கத்தில் அது கொதித்து, உள்ளேயிருந்த கிரீஸ் புகையாகப் போய் விடும். ஒவ்வொரு தடவையும் புதிதாக கிரீஸ் அடைக்க வேண்டும் என்பதால் அந்தப் பாதைக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்து விட்டது. அந்த விளையாட்டுதான் வளர்ந்து 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்ஸுக்குப் போயிற்று. பெண்கள் போட்டியில் முதல் தங்கம் இத்தாலியின் பாவ்லா பெஸ்ஸோவுக்கு. நம் பக்கத்திலும் சைக்கிளுக்குக் குறைவில்லை, அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-ல் தொடங்கிய கம்பெனி.

சரி, எண்ணெய் எங்கே போடலாம்? செயினுக்கு. அதற்கும் முறை உண்டு. முதலில் பழைய பனியன் துணியால் செயினைப் பிடித்துக் கொண்டு பெடலைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். கறுப்புப் பிசுக்கு வந்து விடும். பிறகு சைக்கிள் கடையில் கிடைக்கும் செயின் எண்ணெயை உள்பக்கமாகக் கண்ணிக்கு ஒரு சொட்டு. கொஞ்ச நேரம் கழித்து வெளியில் இருப்பதைத் துடைத்து விட வேண்டும். வழிய வழிய விட்டால் எங்கள் ஊர்ப் புழுதி முழுக்க அதில் வந்து ஒட்டி, அம்மியில் அரைப்பது போலப் பற்களை அரைத்து விடும். தேங்காயெண்ணெய் வேண்டவே வேண்டாம். பிசுபிசுத்துப் போகும், மார்கழியில் உறைந்தும் போகும். செயினுக்கு எண்ணெய் விடும்போது பின் டிஸ்க்கை ஒரு பாலிதீன் பையால் மூடி விடுங்கள். பட்டவள் சொல்கிறேன்.

காற்று இன்னொரு விஷயம். இந்த சைக்கிளின் வால்வு மோட்டார் சைக்கிள் வால்வு மாதிரி. பழைய சைக்கிள் பம்பு பொருந்தாது. பெட்ரோல் பங்கில் அடிக்கலாம், ஆனால் விட்டு விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக. சைக்கிள் ட்யூபில் இடம் குறைவு, ஒரே அழுத்தில் வெடித்தாலும் வெடிக்கும். எவ்வளவு என்பது டயரின் பக்கவாட்டிலேயே அச்சடித்திருக்கும். தார் ரோட்டுக்கு அதில் அதிக எண்ணை ஒட்டியும், மண் பாதைக்குக் குறைந்த எண்ணை ஒட்டியும் வையுங்கள். பஞ்சரானால் ட்யூபை மாட்டும் முன் டயரின் உள்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். கருவேல முள் நுனி அங்கேயே ஒளிந்திருக்கும். அதை எடுக்காமல் போட்டால் வீடு வருவதற்குள் மறுபடி பஞ்சர்தான்.

போக்ஸ் கம்பிகளை மாதம் ஒரு முறை வீணைத் தந்தி மாதிரி மீட்டிப் பார்க்கிறேன். ஒன்று மட்டும் 'டொம்' என்று செத்த குரலில் ஒலித்தால் அது தளர்ந்திருக்கிறது. பெரியவரிடம் கொண்டு போய்க் கோட்டம் எடுத்து விடுவேன். கழுவும்போது குழாய்த் தண்ணீரைச் சக்கரத்தின் நடுவில் பீய்ச்சி அடிப்பதில்லை; உள்ளே பால்ரஸ் துருப்பிடிக்கும். தினமும் கிளம்பும் முன் பார்ப்பது மூன்றுதான்: காற்று, பிரேக், செயின். காபி டிகாக்ஷன் இறங்கும் நேரம் கூட ஆகாது.

பிரேக் சரியானதும் அக்கா என்னை அதே ஏரிக்கரைச் சரிவுக்குக் கூட்டிக் கொண்டு போனார். முதல் நாள் தள்ளிக் கொண்டே இறங்கினேன். மறுநாள் பாதியிலிருந்து. மூன்றாம் நாள் உச்சியிலிருந்து. இறக்கத்தில் உட்கார்ந்தே வரக் கூடாது. இரண்டு பெடலையும் சமமாக வைத்து, அதன் மேல் லேசாக எழுந்து, முழங்காலும் முழங்கையும் மடங்கியிருக்க, உடம்பைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக் கொள்ள வேண்டும். வலது கைப் பிடி பெரும்பாலும் முன் பிரேக். உங்கள் சைக்கிளில் எது எது என்று நிறுத்தி வைத்துப் பார்த்துக் கொள்ளுங்கள். முன் பிரேக்குக்குத்தான் பலம் அதிகம். ஆனால் அதை மட்டும் சட்டென்று பிடித்தால் தலைகுப்புற விழ நேரும். இரண்டையும் சேர்த்து, இரண்டு விரலால், மாவு பிசையும் பதத்தில் அழுத்த வேண்டும். வேகம் கூடிய பிறகு அல்ல, கூடுவதற்கு முன்பே. வளைவிலும் அப்படித்தான்; திரும்புவதற்கு முன் பிரேக், திரும்பும்போது பிரேக் கிடையாது. லாரிகள் சிந்தி விட்டுப் போன ஜல்லியும் மணலும் கிடந்தால் ஹேண்டில் பாரைத் திருப்பாமல், பிரேக் பிடிக்காமல், நேராக மிதித்துக் கொண்டே தாண்டி விடுங்கள்.

உடை பற்றி ஒரு வார்த்தை. அக்கா புடவையில் ஓட்டியது செயினுக்கு மூடி போட்ட சைக்கிள். கியர் சைக்கிளில் மூடி கிடையாது. நான் சுடிதாருக்கு மாறி விட்டேன். வலது கால் பைஜாமாவை ஒரு ரப்பர் பேண்டால் கட்டி விடுகிறேன். துப்பட்டா சக்கரத்தில் சிக்கினால் கழுத்துக்கே ஆபத்து. அது வீட்டில் இருக்கட்டும். வழுக்குகிற செருப்பு வேண்டாம். ஹெல்மெட் கட்டாயம் போடுகிறேன்.

இளம் தாய்மார்களுக்கு: பிரசவமான பிறகு, அதுவும் ஆபரேஷன் என்றால், டாக்டர் சரி என்று சொல்லும் வரை பொறுங்கள். குழந்தையைப் பின்னால் வைத்துக் கொண்டு போவதானால் கால் தாங்கியும் பட்டையும் உள்ள குழந்தை சீட்டு இல்லாமல் வேண்டாம். போக்ஸ் கம்பியில் குழந்தையின் பாதம் சிக்கி வரும் காயத்தை ஒரு தடவை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கைக்குழந்தை, நிலையாக உட்காராத குழந்தை, அறவே கூடாது. பெரிய சாலைப் பக்கம் நான் இன்றும் போவதில்லை. ஷிப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்களும் கண்டெய்னர் லாரிகளும் போகும் வேகத்தில், நம் ஓட்டும் திறமைக்கு அங்கே மதிப்பு இல்லை. உள் தெருக்களும் ஏரிக்கரையும் போதும்.

சர்க்கரை இன்னும் எல்லைக்கோட்டுக்கு உள்ளேதான் நிற்கிறது. சாப்பாட்டையும் பார்த்துக் கொள்கிறேன். சைக்கிளுக்கு மட்டும் அந்தப் பெயரைக் கொடுக்க மாட்டேன். முழங்கால் வலி மட்டும் குறைந்திருப்பது உண்மை.

பொங்கல் லீவுக்கு மகன் வந்தான். மாடிப்படிக்குக் கீழே பார்த்து விட்டு, "அம்மா, என் சைக்கிள் எங்கே? பூட்டுச் சாவி யார்கிட்ட?" என்றான். சாவியைக் கொடுத்தேன். "காத்து பாத்துட்டு எடு. டிஸ்க்கைத் தொடாதே. ஏழு மணிக்குள்ள கொண்டு வந்துடு, எனக்கு வேணும்" என்றேன். பக்கத்தில் வெற்றிலை மடித்துக் கொண்டிருந்த மாமியார், "சீட்டை ஏத்திடாதேடா, உங்கம்மாவுக்குக் கால் எட்டாது" என்றார்.